புதுப்பிப்பு: படுக்கையில் போன் நோண்டும் பழக்கம் ஒருவழியாக விட்டது

தூங்கப் போகும் நேரத்தில் போனை நோண்டுவதை எப்படி நிறுத்துவது என்று முன்பு கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

நேரம் பார்த்துப் பூட்டும் செயலி எனக்குச் சரிப்படவில்லை. ‘இன்னும் 15 நிமிடம்’ என்ற பட்டனை விரல் தானாகவே அழுத்திவிடும். பலித்தது, “சார்ஜரை வேறு அறைக்கு மாற்றுங்கள், பல் துலக்கியதும் போனை அங்கே போடுங்கள்” என்ற யோசனைதான். ஏற்கெனவே இருக்கும் பழக்கத்தோடு முடிச்சுப் போட்டதால் நினைவூட்டலே தேவைப்படவில்லை. எழுப்புவதற்குத் தனியாக ஒரு கடிகாரம்.

21 நாளில் பழகிவிடும் என்று சிலர் சொன்னீர்கள். எனக்கு அப்படி இல்லை. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வு ஒன்றில், ஒரு புதுப் பழக்கம் படிய ஆளுக்கு ஆள் 18 முதல் 254 நாள் வரை ஆனது, நடுமதிப்பு 66 நாள். ஒரு நாள் தவறினால் குடிமுழுகாது என்றும் அதில் இருந்தது. ஊருக்குப் போய் வந்து விட்ட இடத்தில் தொடர அதுவே தைரியம்.

எதிர்பாராதது: ஆரம்பத்தில் தூக்கம் வரவில்லை, ஒரே சலிப்பு. அப்புறம் காலையில் போன் பார்ப்பதும் சொல்லாமலே குறைந்தது, எரிச்சலும்தான்.

அவசர அழைப்பு வந்தால்? ஒலியைக் கூட்டி வைக்கிறேன், கேட்கிறது.