ரிப்போர்ட் நார்மல், தாடையில் மட்டும் பரு

பருவுக்காக ரத்தம் கொடுத்துப் பார்த்தவர்கள் இங்கே நிறையப் பேர் இருப்பீர்கள். என் அனுபவத்தைச் சொல்கிறேன், உங்களுடையதையும் எழுதுங்கள்.

26 வயதில் தாடையோரம் பரு வர ஆரம்பித்தது. நெற்றியில் பொரிப் பொரியாக வருமே, அது இல்லை. தோலுக்கு அடியில் கல் மாதிரி உருண்டு நிற்கும், தலையணையில் கன்னம் பட்டாலே சுரீரென்று வலிக்கும். மாதவிடாயும் 40, 50 நாள் என்று தள்ளிப் போனது. இரண்டையும் நான் சேர்த்துப் பார்க்கவே இல்லை. முதலில் பார்த்த மருத்துவர் டெஸ்டோஸ்டிரோன் (பெண்களுக்கும் கொஞ்சம் இருக்கும் ஆண் ஹார்மோன்) டெஸ்ட் மட்டும் எடுக்கச் சொன்னார். நார்மல். "ஹார்மோன் பிரச்சினை ஒன்றும் இல்லை, முகத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளுங்கள்" என்றார். அப்போதே நான் ஒரு நாளைக்கு ஐந்து முறை முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த வார்த்தை இன்னும் மனசில் இருக்கிறது.

ஒரு வருடம் கழித்து வேறொரு தோல் மருத்துவரிடம் போனேன். அவர் முதலில் கேட்டதே மாதவிடாய் பற்றித்தான். பழைய ரிப்போர்ட்டில் அந்த எண்ணைப் பேனாவால் வட்டமிட்டு, "இது மொத்த அளவு மட்டும்தான்" என்றார். ரத்தத்தில் இருக்கும் டெஸ்டோஸ்டிரோனில் பெரும்பகுதி புரதங்களோடு ஒட்டிக்கொண்டிருக்கும். கல்லீரல் தயாரிக்கும் எஸ்எச்பிஜி என்ற புரதம்தான் அதை இறுகப் பிடித்து வைப்பது. எதோடும் ஒட்டாமல் திரிவது நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான், ஆனால் தோலின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டிப் பருவைக் கிளப்ப அதுவே போதும். எஸ்எச்பிஜி குறைந்துவிட்டால், மொத்த அளவு நார்மலாக இருக்கும்போதே இந்தத் தனிப் பங்கு கூடிவிடும்.

மாதவிடாயின் மூன்றாம் நாள் காலை, வெறும் வயிற்றில் மறுபடி ரத்தம் கொடுத்தேன். எஸ்எச்பிஜி ரொம்பக் குறைவு, இன்சுலின் அதிகம். இன்சுலின் ஏறினால் கல்லீரல் எஸ்எச்பிஜி தயாரிப்பதைக் குறைத்துக்கொள்ளுமாம், சினைப்பையும் ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்குமாம். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரினல் சுரப்பியின் நிலையைக் காட்டும் டிஎச்இஏ-எஸ் என்ற ஹார்மோன் சரியாகவே இருந்தது. அப்புறம் ஸ்கேன். பிசிஓஎஸ் என்ற சினைப்பை ஹார்மோன் கோளாறு என்று உறுதியானது. வெளியே வந்து அழுதேன். பயத்தில் இல்லை, நிம்மதியில். சிகிச்சை தொடங்கி மூன்று மாதம் ஆன பிறகுதான் புதுப் பருக்கள் குறைந்தன.

மறுமொழி:

எனக்கு நேர்மாறு. 22 வயது ஆண், முதுகெல்லாம் பரு, ரத்தத்தில் எல்லாமே உண்மையிலேயே நார்மல். பரு வருகிற பலருக்கும் அப்படித்தான் என்றார் மருத்துவர். எண்ணெய்ச் சுரப்பிக்குள்ளேயே 5-ஆல்ஃபா ரிடக்டேஸ் என்று ஒரு நொதி இருக்கிறது. அது டெஸ்டோஸ்டிரோனை இன்னும் வீரியமான டிஎச்டி என்ற ஹார்மோனாக மாற்றுகிறது. அதற்குச் சுரப்பி எவ்வளவு துடிப்பாக எதிர்வினை காட்டுகிறது என்பது ஆளுக்கு ஆள் வேறு, ரத்தப் பரிசோதனையில் தெரியாது. கிருமி டெஸ்ட் எடுக்கலாமா என்று கேட்டேன். பருவோடு தொடர்புள்ள கியூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி பரு இல்லாதவர் தோலிலும் இருக்கும், அதனால் பயனில்லை என்றார். இப்போது ஐசோட்ரெட்டினாயின் என்ற பரு மாத்திரை சாப்பிடுகிறேன். இதற்காக எடுக்கும் ட்ரைகிளிசரைடு (ரத்தக் கொழுப்பு), கல்லீரல் டெஸ்டுகளைப் பருவின் காரணம் தேடுவது என்றே நினைத்திருந்தேன். அவை மாத்திரை உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று பார்க்கத்தான்.

மறுமொழி:

தோழி, ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிட்டுக்கொண்டிருந்தபோதே நான் டெஸ்ட் எடுத்துவிட்டேன். அந்த மாத்திரை எஸ்எச்பிஜியை ஏற்றி, டெஸ்டோஸ்டிரோனை இறக்கிவிடும். ரிப்போர்ட் அழகாக இருந்தது, முகம் அப்படி இல்லை. மருத்துவர் சொல்லி மாத்திரையை நிறுத்தி மூன்று மாதம் ஆகிறது. அட்ரினல் கோளாறு இருக்கிறதா என்று பார்க்க 17-ஹைட்ராக்ஸி புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன் டெஸ்டும் எழுதியிருக்கிறார். காலையிலேயே எடுக்க வேண்டுமாம், நேரம் போனால் அளவு மாறிவிடும். இந்த வாரம் கொடுக்கிறேன், ரிப்போர்ட் வந்ததும் இங்கேயே எழுதுகிறேன்.