கோடையில் ஆக்சலாட்டல் தொட்டியின் வெப்பத்தைக் குறைப்பது எப்படி?

அடையாற்றுக்கரை (கேள்வி):
வணக்கம். சென்னையில், மொட்டைமாடிக்கு நேர் கீழே உள்ள வீட்டில் ஓர் ஆக்சலாட்டலை (நீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை உயிரினம்) வளர்த்து வருகிறேன். பங்குனி பிறந்ததிலிருந்து தொட்டி நீர் பிற்பகலில் 29 பாகை செல்சியசைத் தொடுகிறது. செவுள்கள் முன்பக்கமாக வளைந்து நிற்கின்றன. இடுக்கியிலிருந்து மண்புழுவைப் பறித்துத் தின்ற உயிரினம், இப்போது புழு மூக்கில் பட்டாலும் தலையைத் திருப்பிக்கொள்கிறது. தொட்டியின் கொள்ளளவு 90 லிட்டர். விசிறி பொருத்திய பிறகும் நீர் 27 பாகைக்குக் கீழே இறங்கவில்லை. உறைய வைத்த தண்ணீர் பாட்டில்களை மிதக்க விடலாமா, அல்லது சில்லர் (தொட்டி நீரைக் குளிர்விக்கும் கருவி) வாங்கியே தீர வேண்டுமா? அக்னி நட்சத்திரம் தொடங்கும் முன் ஒரு முடிவுக்கு வர விரும்புகிறேன்.

வைகைக்கரை:
மதுரையில் எனக்கு விசிறியே பெருமளவு கைகொடுக்கிறது. நீர்ப்பரப்பின் மீது சாய்வாகக் காற்று படும்படி வைத்து, தொட்டியின் மூடியை எடுத்துவிட்டு வலை போட்டிருக்கிறேன். வெயில் உச்சத்தில் இருக்கும் நாள்களில் மட்டும் காலையிலும் மாலையிலும் ஒவ்வொரு பாட்டில் போடுவேன். நீங்களும் முயன்று பார்க்கலாம்.

நீர்ப்பாசி:
வைகைக்கரை அவர்கள் சொல்வது மதுரைக்குப் பொருந்தும். சென்னைக்கு அப்படியே பொருந்தாது. விசிறி நீரை ஆவியாக்கித்தான் குளிர்விக்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடக்கூட ஆவியாவது குறைந்துவிடுவதால், கடற்காற்று வீசும் ஊரில் கோடைக்காலத்தில் எவ்வளவு வேகமாக விசிறியைச் சுழலவிட்டாலும் நீர் ஏறத்தாழ 26, 27 பாகையிலேயே நின்றுவிடும். உங்கள் விசிறியில் குறையில்லை.

ஆக்சலாட்டல் மெக்சிகோ நகரின் சோச்சிமில்கோ நீர்நிலைகளைச் சேர்ந்த உயிரினம். கடல் மட்டத்திலிருந்து சுமார் 2,240 மீட்டர் உயரத்தில் இருக்கும் இடம் அது. 16 முதல் 18 பாகை வரை இதற்கு ஏற்ற வெப்பநிலை. 20 வரை தாங்கும். 24 பாகையைத் தாண்டிய நீரில் நாள்கணக்கில் இருந்தால் உடல் தளர்ந்து நோய்க்கு இடம் கொடுக்கும். சூடு ஏறும்போது இதன் உடலுக்குக் கூடுதல் ஆக்சிஜன் தேவைப்படுகிறது. நீரோ குறைவாகத்தான் அதைக் கரைத்து வைத்திருக்கும். 16 பாகையில் லிட்டருக்கு 10 மில்லிகிராம் அளவுக்குக் கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் 7.5 அளவுக்கு இறங்கிவிடுகிறது. கழிவிலிருந்து உண்டாகும் அம்மோனியாவும் சூட்டில் கூடுதல் தீங்காகிறது: கார அமிலத்தன்மை (pH) 8 உள்ள நீரில், அதன் நச்சு வடிவத்தின் பங்கு 18 பாகையில் இருப்பதைவிட 28 பாகையில் ஏறத்தாழ இரு மடங்காகும். குளிர்காலத்தில் தீங்கு செய்யாத அளவு கழிவுகூடக் கோடையில் செவுளை எரிக்கும் என்பதால், வெப்பமானியோடு அம்மோனியா பரிசோதனையையும் இப்போது அடிக்கடி செய்வது அவசியம்.

பாட்டில்களை நான் பரிந்துரைக்க மாட்டேன். 90 லிட்டர் தொட்டியில் ஒரு பாட்டில் உருகும்வரை நீர் குளிரும், உருகியபின் மீண்டும் சூடேறும். ஒரே நாளில் இப்படி ஏறி இறங்குவது, சீராக நிற்கும் 22 பாகையைவிட அதிகம் வாட்டும். சில்லர்தான் நிலையான வழி. கம்ப்ரசர் உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். சென்னை வெயிலில் பத்துப் பாகை குறைக்கும் திறன் கம்ப்ரசர் இல்லாத சிறிய மின்குளிர்விப்பான்களுக்குக் கிடையாது. சில்லர் தன் சூட்டை அறைக்குள்தான் விடும் என்பதால், அதை மேசைக்கு அடியில் அடைத்து வைக்காதீர்கள்.

இன்னொரு வழியும் உண்டு. குளிர்சாதனம் இயங்கும் அறையில் காற்று வறண்டிருக்கும். அங்கே உங்கள் அதே விசிறி நன்றாக வேலை செய்யும். அறையை 24 பாகையில் வைத்தாலே தொட்டி 20, 21 பாகைக்கு வந்துவிடும். ஆனால் இரவில் மட்டும் போட்டுப் பகலில் நிறுத்தினால் பயனில்லை.

அடையாற்றுக்கரை:
மிக்க நன்றி. சில்லருக்குச் சொல்லிவிட்டேன், வந்து சேரச் சில நாள்கள் ஆகும். இதற்கிடையே ஒரு செவுளின் நுனியில் பஞ்சு போல வெள்ளையாக ஏதோ படிந்திருக்கிறது. அதுவரை என்ன செய்யலாம்?

நீர்ப்பாசி:
அது பூஞ்சையாக இருக்கலாம். சூடான நீரில் தளர்ந்த உடலில் முதலில் தொற்றுவது அதுதான். நீர்நில வாழ்விகளைப் பார்க்கும் கால்நடை மருத்துவரிடம் இன்றே காட்டுங்கள். மீன்களுக்கான மருந்துகளை நீங்களாகவே ஊற்ற வேண்டாம், குறிப்பாகச் செம்பு கலந்தவற்றை. இதன் மெல்லிய தோல் அவற்றை நேரடியாக உறிஞ்சிவிடும்.

சில்லர் வரும்வரை, இதைத் தனியாக ஒரு மூடியுள்ள பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றிக் குளிர்சாதன அறையின் தரையில் வையுங்கள். மூடியில் துளைகள் இருக்கட்டும். குளோரின் நீக்கிய நீரை முதல் நாள் இரவே வாளியில் பிடித்து அதே அறையில் வைத்திருந்தால், காலையில் முழு நீரையும் மாற்றும்போது வெப்பநிலை வேறுபடாது. மேல்நிலைத் தொட்டியிலிருந்து நண்பகலில் குழாயில் வரும் நீர் கை சுடும் அளவுக்கு இருக்கும். அதை நேரடியாகப் பயன்படுத்தவே கூடாது. உணவைக் கட்டாயப்படுத்த வேண்டாம். வளர்ந்த ஆக்சலாட்டல் சில நாள் பட்டினியைத் தாங்கும், அழுகும் உணவு கெடுக்கும் நீரைத் தாங்காது.

வைகைக்கரை:
பெரிய தொட்டியின் பின்புறத்திலும் பக்கங்களிலும் தெர்மோகோல் பலகை ஒட்டிவிடுங்கள், விளக்கையும் அணைத்துவிடுங்கள். சில்லரின் சுமை குறையும். மின்வெட்டு நேரத்துக்குப் பேட்டரியில் இயங்கும் காற்று பம்ப் ஒன்றையும் இப்போதே வாங்கி வையுங்கள்.