ஹில்கிளைம்ப்: ‘மலையேற்றப் பந்தயம்’ பொருந்துமா?

அன்பு நண்பர்களுக்கு வணக்கம்.

ஹில்கிளைம்ப் என்பது சரிவான பாதையில் காரை மேலே ஓட்டி, யார் குறைந்த நேரத்தில் ஏறுகிறார் என்று பார்க்கும் விளையாட்டு. அதற்குத் தமிழில் ‘மலையேற்றப் பந்தயம்’ என்ற பரிந்துரை வந்திருக்கிறது. எனக்கு அதன் இரு பாதியுமே உறுத்துகின்றன.

மலையேற்றம் என்றால் வெள்ளியங்கிரிக்கு நடப்பதும் எவரெஸ்ட்டில் கயிறு கட்டி ஏறுவதும்தான் நினைவுக்கு வரும். கார் வராது. அதோடு, இந்த விளையாட்டு 1905 முதல் நடக்கிற இங்கிலாந்தின் ஷெல்ஸ்லி வால்ஷைப் பாருங்கள். பாதை 1000 கெஜம், அதாவது 914 மீட்டர். ஏறும் உயரம் சுமார் 100 மீட்டர். அதை மலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பந்தயம் என்றால் குதிரைகள்போல ஒன்றையொன்று முந்துவது. இங்கே ஒவ்வொரு காராகத்தான் விடுவார்கள், ஓட்டுநருக்கு எதிரி கடிகாரம் மட்டுமே. 1930-இல் ஓட்டுநர் ஹான்ஸ் ஸ்டக் ஆஸ்ட்ரோ-டைம்லர் காரில் 42.8 வினாடியில் ஏறி ஷெல்ஸ்லியில் சாதனை படைத்தார். பாதையில் அவர் யாரையும் முந்தவில்லை. ஆகவே ‘போட்டி’ போதும்.

சரி, முன்பாதிக்கு என்ன செய்வது? ‘ஏறோட்டம்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். அழகான, சின்னச் சொல். ஆனால் வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், ஏரோட்டமாகிவிடுகிறது. கேட்பவர் கலப்பையைத் தேடுவார். ‘ஏறுமுக ஓட்டம்’ பங்குச்சந்தைச் செய்தியாகத் தொனிக்கிறது.

என் பரிந்துரை ‘மேடேற்றப் போட்டி’. லாரி ஓட்டுநர் ‘மேடு ஏறணும், கியரைக் குறை’ என்கிறாரே, அந்த மேடு. இந்த விளையாட்டின் சாரமே அதுதான்: சரிவு காரைப் பின்னுக்கு இழுக்க, பின்சக்கரம் பிடிப்பில்லாமல் வெறுமனே சுழலும். அதனால்தான் அந்தக் காலப் போட்டிக் கார்கள் பலவற்றில் லாரிபோலப் பின்னால் ஜோடிச் சக்கரம் மாட்டினார்கள். இந்தப் போட்டி நடக்கிற அமெரிக்காவின் பைக்ஸ் பீக் 4,300 மீட்டர் உயரமாயிற்றே, அதை மேடு என்பதா என்று கேட்கலாம். சிகரம் எவ்வளவு உயரமானாலும் சக்கரத்துக்கு முன்னால் இருப்பது மேடுதான். அங்குள்ள 156 திருப்பங்களைப் பற்றி எழுத நமக்குக் ‘கொண்டை ஊசி வளைவு’ முன்பே இருக்கிறது. கொல்லிமலைப் பேருந்தில் போகிறவர்கள் எல்லாரும் சொல்லும் சொல், எந்தக் குழுவும் உட்கார்ந்து ஆக்கியதாகத் தெரியவில்லை.

இந்த விளையாட்டைப் பற்றி எழுதும்போது வரும் இன்னொரு சொல் கிளாசிக் கார், அதாவது போற்றிப் பாதுகாக்கும் பழைய கார். அதற்குச் ‘செவ்வியல் கார்’ வேண்டாம். செவ்வியல் இலக்கியத்துக்கே இருக்கட்டும். ‘பழங்கார்’ போதும்.

அப்புறம் இன்னொன்று. கிளம்பும் இடமே சரிவு என்பதால், கார் பின்னால் உருளாமலிருக்கப் பின்சக்கரத்துக்கு ஆப்பு வடிவக் கட்டை கொடுப்பார்கள். இதற்குப் புதுச்சொல் தேடவே வேண்டாம். தேரோட்டத்தில் சக்கரத்துக்குக் கொடுக்கிறோமே, முட்டுக்கட்டை. நாளிதழ்கள் அதைத் ‘தடை’ என்ற பொருளிலேயே எழுதிப் பழகிவிட்டன. சக்கரத்தடியில் அது இன்னும் இருக்கிறது, அங்கிருந்தே எடுத்துக்கொள்ளலாம்.

‘மேடேற்றப் போட்டி’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள்.