புதுப்பிப்பு: கூச்ச சுபாவமுள்ள மகளோடு கப்பல் பயணம் போய் வந்தோம்

யாரோடும் சட்டென்று பேசாத 14 வயது மகளைக் கப்பல் சுற்றுலாவுக்கு அழைத்துப்போனால் சரிவருமா என்று முன்பு கேட்டிருந்தேன். போய் வந்துவிட்டோம், நன்றாகவே இருந்தது.

முதல் நாள் இரவே டீன் கிளப்புக்கு (கப்பலில் பதின்ம வயதுப் பிள்ளைகள் கூடும் இடம்) அனுப்புங்கள், தள்ளிப்போட்டால் மற்ற பிள்ளைகள் அதற்குள் செட் சேர்ந்துவிடுவார்கள் என்று சொன்னீர்களே, அதுதான் பெரிய உதவி. நாங்கள் போனது கார்னிவல் நிறுவனத்தின் கப்பல். அதில் 12 முதல் 14 வயது வரை 'சர்க்கிள் சி', 15 முதல் 17 வரை 'கிளப் ஓ2' எனத் தனித்தனி. பெரிய பிள்ளைகள் நடுவே திணறுவாளோ என்ற பயம் அதோடு போயிற்று. வாசல்வரை கூடவே போய், "பிடிக்கலேன்னா உடனே வந்துடு, ஏன்னு கேட்க மாட்டேன்" என்றேன். கொஞ்ச நேரத்திலேயே திரும்பிவிட்டாள். நானும் கேட்கவில்லை.

மறுநாள் முழுக்கக் கடலில்தான். வீடியோ கேம் போட்டி என்றதும் அவளாகவே கிளம்பினாள். கண் திரையில் இருக்கும்போது முகம் பார்த்துப் பேசியாக வேண்டிய கட்டாயம் இல்லையே! பக்கத்தில் இருந்த பெண் கன்ட்ரோலரை நீட்டி "இந்த ரவுண்டு நீ ஆடு" என்றாளாம். அப்புறம் இருவரையும் ஐஸ்கிரீம் மெஷின் பக்கம்தான் தேட வேண்டியிருந்தது.

மேல்தளத்தில் புத்தகமும் கையுமாகத் தனியே இருக்கும் நேரமும் அவளுக்குத் தேவைப்பட்டது. "ஏன்மா தனியா இருக்கே?" என்று உறவினர்கள் யாரும் துளைக்காமல் பார்த்துக்கொண்டேன். இதைக் கட்டாயம் செய்யுங்கள்.

இணைய பேக்கேஜ் பற்றிக் கேட்டவருக்கு: நாங்கள் வாங்கவில்லை. கப்பலில் எங்களுக்குள் பேசிக்கொள்ள, கப்பல் செயலியில் உள்ள சாட் வசதியே போதுமானதாக இருந்தது.