காய்கறி நறுக்கும் கூடத்துக் கழிவை மட்க வைத்தல்: குவியல் அழுகுகிறது, நாற்றும் கருகிவிட்டது

கேள்வி (அம்பத்தூர்)

வணக்கம். உணவகங்களுக்குக் காய்கறி நறுக்கிக் கொடுக்கும் சிறு கூடம் ஒன்றை நடத்தி வருகிறேன். முட்டைக்கோசின் வெளி இலைகள், பூக்கோசுத் தண்டு, கேரட், உருளைக்கிழங்குத் தோல் என நாளொன்றுக்கு ஏறத்தாழ 200 கிலோ கழிவு சேர்கிறது. உப்பில் ஊறிய மாங்காய், எலுமிச்சைக் கழிவும் வாரம் ஒருமுறை அதில் சேரும். இவையெல்லாம் கொடுங்கையூர்க் குப்பை மேட்டுக்குப் போகாமல் மண்ணுக்கே திரும்ப வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் குவியலிலிருந்து கறுப்பு நீர் வழிகிறது, அழுகிய முட்டை நாற்றம் அடிக்கிறது. நாற்பது நாளில் எடுத்த உரத்தை எனக்குத் தெரிந்த விவசாயி ஒருவர் கத்தரி நாற்றுக்கு இட்டார். ஒரே வாரத்தில் இலைகள் மஞ்சளாகி, ஓரங்கள் கருகிவிட்டன. எங்கே தவறினேன்?

மறுமொழி 1 (ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர், தாம்பரம்)

ஐயா, உங்கள் முதல் சிக்கல் தண்ணீர். காய்கறிக் கழிவில் நூற்றுக்கு எண்பத்தைந்து பங்கு நீர் என்று வைத்துக்கொண்டால், 200 கிலோவில் 170 கிலோ நீர்தான். உலர்பொருள் 30 கிலோ மட்டுமே. குவியலில் ஈரம் 50 முதல் 60 சதவீதம் வரை இருந்தால்தான் காற்று உள்ளே புகும். காற்று புகாத இடத்தில் வேறு வகை நுண்ணுயிர்கள் பெருகுவதால்தான் அந்த முட்டை நாற்றம் வருகிறது.

இதே ஈரக்கழிவை அப்படியே குவித்தால், 60 சதவீதத்துக்குக் கொண்டுவர நூறு கிலோவுக்கு மேல் காய்ந்த சருகு தேவைப்படும். அதையே வலைத்தட்டுகளில் மெல்லப் பரப்பி, நம் ஊர் வெயிலில் 120 கிலோவாகச் சுருங்கும் வரை வாட்டிவிட்டால், ஏறத்தாழ 37 கிலோ சருகே போதும். அந்த அளவில் கரிமச்சத்துக்கும் (கார்பன்) தழைச்சத்துக்கும் (நைட்ரஜன்) இடையிலான விகிதமும், மட்குவதற்கு ஏற்றதான 25–30க்கு 1 என்ற அளவுக்கு வந்துவிடுகிறது. சருகுக்குப் பதிலாகத் தென்னை நார்க்கழிவை மட்டும் போடாதீர்கள்; அதன் விகிதம் 100க்கு 1ஐ ஒட்டி இருப்பதால் மட்குவது மிகவும் மந்தமாகிவிடும்.

இவற்றுடன் சாணக்கரைசல் தெளித்து, மூன்று, நான்கு அடி உயரத்துக்குக் குவியுங்கள். உள்ளே வெப்பம் 55 பாகை செல்சியசைத் தாண்டி மூன்று நாளாவது நிற்க வேண்டும். நோய்க்கிருமிகளும் களை விதைகளும் அந்தச் சூட்டில்தான் அழியும். குவியலின் ஓரம் சூடாகாது என்பதால், வெளிப்பக்கம் உள்ளே போகும்படி வாரம் ஒருமுறை புரட்டுங்கள். புரட்டிய பிறகும் சூடு ஏறாத நிலை வந்தால், மேலும் ஒரு மாதம் ஆறப்போடுங்கள். நாற்பது நாள் உரம் முதிராதது. அது மண்ணில் மட்கும்போது பயிருக்கு உரிய தழைச்சத்தை நுண்ணுயிர்களே எடுத்துக்கொள்கின்றன. இலை மஞ்சளானதற்கு அதுவே காரணமாக இருக்கும்.

மறுமொழி 2 (பொன்னேரி விவசாயி)

அலுவலர் ஐயா சொன்னது மஞ்சள் நிறத்துக்குப் பொருந்தும். ஓரம் கருகியதற்கு நான் ஐயப்படுவது உப்பை. மீஞ்சூர், பொன்னேரிப் பகுதிகளில் நிலத்தடி நீரிலேயே கடல்நீர் ஊடுருவியிருப்பதால், உப்புப் பாதிப்பு எப்படியிருக்கும் என்பது எங்களுக்கு நன்றாகத் தெரியும். உப்பு மட்கி மறையாது. குவியல் சுருங்கச் சுருங்கச் செறிவுதான் கூடும். ஊறுகாய்க் கழிவைத் தயவுசெய்து தனியே பிரித்துவிடுங்கள். உரத்தில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டுவது மின்கடத்துதிறன்; உரக் கட்டுப்பாட்டு ஆணை நகர மட்கு உரத்துக்கு விதித்திருக்கும் அதன் வரம்பு மீட்டருக்கு 4 டெசிசீமன்ஸ்தான். ஒரு மாதிரியை மண் பரிசோதனை நிலையத்தில் கொடுத்து அளந்து பார்ப்பது நல்லது.

எனக்கு உரம் கொடுப்பவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: பாதி உரம், பாதி மண் கலந்த தட்டில் இருபது முள்ளங்கி விதையும், வெறும் மண்ணில் இருபதும் ஊன்றுங்கள். முளைப்பு இரண்டிலும் ஒத்திருந்தால்தான் வயலுக்கு அனுப்ப வேண்டும். நாற்று போனால் ஒரு சாகுபடிப் பட்டமே போய்விடும்.

கேள்வி கேட்டவர்

இருவருக்கும் நன்றி. அந்த விவசாயிக்குப் புது நாற்று வாங்கித் தருகிறேன். ஊறுகாய்க் கழிவுக்கு இன்றே தனித் தொட்டி வைத்துவிட்டேன். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிவை வாட்டுவது எப்படி?

மறுமொழி 1

அப்போது வாட்ட முடியாது. சருகைத்தான் நம்ப வேண்டும். வாதாம் மரங்கள் இலை உதிர்க்கும் காலத்திலேயே மூட்டை கட்டிச் சேர்த்து வையுங்கள். குவியலுக்குக் கூரையும், வெள்ளம் ஏறாத உயரத்தில் ஒரு திண்ணையும் மழைக்கு முன்பே அமைத்துவிடுங்கள்.