கொம்பு வந்தாலே நின்றுவிடுகிறார்கள்: மூன்றாம் வகுப்பு வாசிப்புக்கு உதவி தேவை

வணக்கம் ஆசிரிய நண்பர்களே. தருமபுரி பக்கம் ஈராசிரியர் பள்ளி. மூன்றாம் வகுப்பில் நான்கு பிள்ளைகளுக்கு எழுத்து தெரிகிறது, சொல்லாகச் சேர்க்க வரவில்லை. 'மரம்', 'படம்' சிக்கலில்லை. ஒற்றைக்கொம்பு (ெ), இரட்டைக்கொம்பு (ே) வந்தால் போச்சு. குறி எழுத்துக்கு முன்னால் நிற்கிறது, ஒலியோ பின்னால் வருகிறது; கொம்பை விட்டுவிட்டு 'கொடி'யைக் 'காடி' என்கிறார்கள், 'தேள்' 'தள்' ஆகிவிடுகிறது.

ஜூனில் பள்ளி திறந்ததிலிருந்து இதே நிலை. அரசின் அடிப்படைக் கற்றல் திட்டமான 'எண்ணும் எழுத்தும்' வகுப்பில் இன்னும் 'அரும்பு' என்ற தொடக்க நிலைதான். மின்னட்டை (எழுத்தைச் சட்டென்று காட்டும் அட்டை), மணலில் எழுதுவது, கைதட்டி ஒலி பிரிப்பது எல்லாம் பார்த்தாயிற்று. கண் பரிசோதனையும் ஆயிற்று, குறையில்லை. பெற்றோர் செங்கல் சூளைக்குப் போய் இருட்டித்தான் திரும்புகிறார்கள். வீட்டுப் பயிற்சி நடக்காது.

அரசின் வாசிப்பு இயக்கம் தந்த, தொடக்க நிலைக்கான 'நுழை' கதை நூல்களைக் கொடுத்தால் படத்தைப் பார்த்துக் கதையை அவர்களே கட்டிவிடுகிறார்கள் (சில நேரம் அச்சில் இருப்பதைவிட நன்றாகவே!). புத்தகத்தின் மேல் ஆசை இருக்கிறது. திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லி அதைக் கெடுக்க எனக்கு மனமில்லை.

கொம்புக் குறியுள்ள சொற்களைத் தயங்காமல் வாசிக்க வைக்க, உங்கள் வகுப்பில் பலித்த முறை எது?