வீரமாமுனிவர் காலத்துக் கோயிலில் மங்களூர் ஓடு!

காரைவீடு: திருச்சிப் பக்கத்துக் கிராமம் ஒன்றின் சின்ன மாதா கோயில் "வீரமாமுனிவர் காலத்தது, அன்று கட்டியது கட்டியபடியே நிற்கிறது" என்று நேற்று ஒருவர் எழுதியிருக்கிறார். முனிவர் காலமானது 18ஆம் நூற்றாண்டில். கூரையில் கிடப்பதோ மங்களூர் ஓடு. சுவிட்சர்லாந்திலிருந்து வந்த பாசல் மிஷன் பாதிரிமார்கள் மங்களூரில் ஆலை போட்டு அதைச் சுட ஆரம்பித்ததே 1865-ல். நூறு வருஷம் முந்தியே ஓடு பறந்து வந்ததா?

ஆலமரத்தடி: அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம். கூரையைப் பிறகு மாற்றியிருப்பார்கள். சுவரைப் பாருங்கள் ஐயா. இரண்டரை அடி கனம், சுண்ணாம்புக் காரை.

காரைவீடு: "கட்டியபடியே" என்று எழுதியது யார்? ஓடு மங்களூர் ஓடு. அவ்வளவுதான்.

மணிக்கூண்டு: மழையில் விழுந்த ஓட்டைத் திருப்பிப் பார்த்தேன். பாசல் மிஷன் பெயரோடு 1865 என்று முத்திரை இருக்கிறது. அப்படியானால் கூரைக்கு வயசு தெரிந்துவிட்டதே.

காரைவீடு: அது ஆலை தொடங்கிய வருஷம். பின்னாளில் சுட்ட ஓட்டிலும் அதே முத்திரைதான். மளிகைக் கடைப் பலகையில் இருக்கும் வருஷத்தைப் பார்த்து உள்ளே இருக்கும் பருப்புக்கு வயசு சொல்வீர்களா?

திண்ணை: பாசல் மிஷன் புராட்டஸ்டன்ட் ஆச்சே. கத்தோலிக்கக் கோயிலில் எப்படி?

ஆலமரத்தடி: ஓட்டுக்கு ஞானஸ்நானம் கொடுத்தா கூரையில் ஏற்றுவார்கள்?

திண்ணை: கேட்டால் கிண்டல். போன வருஷம் எல்லைக்கல்லை நடுகல் என்று சாதித்தவர்தானே நீங்கள்!

ஆலமரத்தடி: அது நடுகல்தான்.

மணிக்கூண்டு: வயசு கிடக்கட்டும். வெளிச்சுவரில் சிமென்ட் பூசிவிட்டார்கள். சுண்ணாம்புச் சுவர் குடித்த ஈரம் வெளியேற வழியில்லை. பீடத்துக்குப் பின்னால் உப்புப் பூத்து, விரல் வைத்தால் காரை மாவாக உதிர்கிறது.

காரைவீடு: சிமென்டுக்குத் தனி இழை தொடங்குங்கள். முனிவர் இருந்த சேசு சபையைப் போப் கலைத்தது 1773-ல். இந்தப் பக்கத்து ஊர்களைப் பார்த்துக்கொண்ட மதுரை மிஷனுக்கு அந்தச் சபையார் திரும்பியது 1838-ல். கோயில் அதற்குப் பிறகு எழும்பியதுதான். கனமான சுவர் என் தாத்தா வீட்டிலும் உண்டு, அதை எந்த முனிவரும் கட்டவில்லை.

ஆலமரத்தடி: நடுவில் கோவா குருமார்கள் இருந்தார்களே, அவர்கள் கட்டியிருக்கக் கூடாதா?

காரைவீடு: ஆக, வீரமாமுனிவரை நீங்களே கைவிட்டுவிட்டீர்கள்!

ஆலமரத்தடி: யார் சொன்னது? சுவர் அவர் காலத்ததுதான்.

காரைவீடு: அடிக்கல் உண்டா? கல்வெட்டு? ஒன்றும் இல்லை. இருக்கிற ஒரே சாட்சி ஓடு. அது மங்களூர் ஓடு.

திண்ணை: அந்த நடுகல் படம் எங்கே? ஒரு வருஷமாகக் கேட்கிறேன்.

ஆலமரத்தடி: நாளைக்குப் போடுகிறேன்.